சாடியதாக

எங்கள் ஊரில் சாடுவது என்றால்
குதிப்பது.
பையன் மதில் சாடுவான், ஆடு ஓடை சாடும்,
மார்த்தாண்டத்தில் பஸ் நிற்கும் முன்னே
சாடி இறங்குவார்கள்.
பத்திரிகையில் சாடுவது வேறு.
அங்கே எதிர்க்கட்சி அரசைச் சாடும்,
நீதிபதி அதிகாரியைச் சாடுவார்,
யாருக்கும் கால் உடைவதில்லை.

நான் ஸ்டேஷன் ரைட்டர்.
இந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில்தான்
போன ஆவணி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கிறிஸ்டல் பாய், வயது நாற்பத்தொன்று,
கனிமவளத் துறையில் உதவிப் புவியியலாளர்.
மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே
பறளியாற்றுப் பாறையில் கிடந்தாள்
ஒற்றைச் செருப்போடு.
மற்றதைப் பாலத்தின் மேலே தேடினேன்,
தூண் தூணாகக் கீழேயும் தேடினேன்.
அது வேறெங்கோ கழன்றிருக்கிறது.

ரப்பர் வெட்டப் போன கமலாசனன்
நெற்றி விளக்கைக் கழற்றாமலே சொன்னான்:
"ரெண்டு காரு வந்துது, சார். லைட்டு போடல்ல.
விழுந்த சத்தம் கேட்டேன்.
கத்துன சத்தம் இல்ல.
உயிருள்ளவ சாடினா கத்தமாட்டாளா, சார்?"
அவன் கையெழுத்துப் போட்ட தாள்
காலை ஒன்பது மணிவரை இருந்தது.

ஒன்பதுக்குச் சென்னையிலிருந்து போன்.
மந்திரியின் உதவியாளர். குரலில் அவ்வளவு துக்கம்.
"அந்தம்மாவுக்கு மனசு சரியில்லையாமே."
ஆசாரிப்பள்ளத்தில் பிரேதத்தை இன்னும் அறுக்கவில்லை;
மனசை அவர் அறுத்து முடித்திருந்தார்.

கைப்பையில் ஒரு நோட்டு.
மகஜரில் சேர்க்காதே என்றார் இன்ஸ்பெக்டர்.
சேர்க்கவில்லை. வாசித்தேன்.
ஒரே நடைச்சீட்டில் பதினோரு லாரி.
பட்டா நிலத்தை மட்டம் தட்ட அனுமதி;
அந்த நிலம் ஒரு முழு மலை.
இரவு இரண்டுக்கும் நாலுக்கும் இடையில்
களியக்காவிளை செக்போஸ்ட்டை
அது துண்டு துண்டாகக் கடந்திருந்தது.
எடை, தேதி, வண்டி எண்,
யார் பெயர் சொன்னதும் தடுப்புக்கம்பு தூக்கியது என்பது உட்பட.
ஜூலை ஆய்வுக் கூட்டத்தில்
மந்திரியின் முகத்துக்கு நேரே எழுந்து நின்று
இதை வாசித்தாளாம்.
அவள் சாடியது அன்றைக்கு.
நாகர்கோவிலில், பகல் பதினொன்றரைக்கு,
நாற்பது பேர் பார்த்திருக்க.

பதினேழாம் பக்கத்தில்
ஒரு லோடு கருங்கல், சீட்டு இல்லை,
குலசேகரம் பக்கம், வீடு கட்டுமிடம்.
தேதி எனக்குத் தெரியும்.
அன்றுதான் எங்கள் அஸ்திவாரத்தில்
மனைவி பால் தெளித்தாள்.
பெயர் எழுதும் இடத்தைக்
கிறிஸ்டல் பாய் காலியாக விட்டிருந்தாள்.
தெரியாமலா, தெரிந்தேவா?
இனி யாரிடம் கேட்க.

இன்ஸ்பெக்டர் தேனிக்காரர்.
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.
கடைசி வரி மட்டும் என்னுடையது:
"மேற்படி கிறிஸ்டல் பாய்
சாடியதாலேயே மரணம் சம்பவித்தது."
அவர் பேனா நின்றது. "சாடியதுன்னா?"
"குதிச்சது, ஐயா. எங்க பக்கம் அப்படித்தான்."
ஒப்பமிட்டார்.

என் வீரம் அவ்வளவுதான். ஒரு சொல்.
அதையும் யாராவது இங்கிலீஷில் பெயர்த்தால்
குதித்தாள் என்றே வரும்.

நோட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன்,
பதினேழாம் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு.
வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தபோதுதான்
மறுபக்கம் பதினெட்டு என்பது உறைத்தது:
மந்திரி மருமகனின் வண்டிகள், ஏழு எண்கள்,
அடியில் அவள் கையெழுத்து, அலுவலக முத்திரை.
ஒரு தாளின் ஒரு பக்கத்தை மட்டும்
கோர்ட்டில் காட்ட முடியுமா
என்று வக்கீல் யாரிடமும் நான் கேட்கவில்லை.

தாள் பீரோவில் இருக்கிறது.
மந்திரி போன வாரம் வந்து
ஒரு பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்;
பந்தோபஸ்துக்கு நானும் போயிருந்தேன்.

இப்போது சாயங்காலம்.
அந்தக் கல்லில் கட்டிய மதில்மேல் ஏறி நின்று
கை இரண்டையும் விரித்தபடி
என் மகன் கேட்கிறான்:
"சாடட்டா, அப்பா?"